ஜுசிம்போ, தாபோ, இக்கோங்: கொரிய மரக் கட்டடங்களின் பாணிகளை எப்படிப் பிரித்தறிவது?

கொரியச் சரித்திரத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு அந்த அரண்மனைக் கூரைகள் நன்றாகப் பழகியிருக்கும். மூலைகள் லேசாக மேலே வளைந்த கருஞ்சாம்பல் ஓட்டுக் கூரை, அதன் விளிம்புக்குக் கீழே பச்சையும் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசிய மரத்துண்டுகள் அடுக்கடுக்காக. இதைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அந்த அடுக்கை அழகான அலங்காரம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் எல்லாம் சீனாவிலிருந்து அப்படியே எடுத்தது என்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டிய அதிசயம் என்கிறார்கள். மூன்றுமே பாதி உண்மைகள். அந்த அடுக்கு இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய கூரை அவ்வளவு தூரம் வெளியே நீண்டு நிற்காது. ஜுசிம்போ, தாபோ, இக்கோங் என்ற மூன்று பாணிகளையும் பிரிப்பதே அந்த அடுக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான்.

பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூரையின் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது?

## கூரை ஏன் இவ்வளவு கனம்?

கொரியாவில் கோடையில் ஜாங்மா என்ற மழைக்காலம் வரும், வாரக்கணக்கில் அடித்து ஊற்றும். கட்டடமோ மரத் தூணும் மண் பூசிய சுவரும் காகிதம் ஒட்டிய கதவுமாக இருக்கிறது. இதில் எதுவும் தொடர்ந்து நனையக்கூடாது. அதனால் கூரை சுவரோடு நிற்காமல் அதைத் தாண்டி நன்றாக வெளியே நீள வேண்டும். அப்படி வெளியே நீளும் பகுதிக்கு இறவாரம் என்று பெயர். இறவாரம் நீளமாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: உச்சியில் காயும் கோடை வெயிலைத் தடுத்துவிடும், தாழ்வாக வரும் குளிர்கால வெயிலை உள்ளே விட்டுவிடும்.

சரி, நீளமாக வைத்தால் போயிற்று என்று தோன்றலாம். எடைதான் சிக்கல். கைமரங்களின்மேல் பலகை, அதன்மேல் வளைவைச் சரிசெய்ய நிரப்பிய மரத்துண்டுகள், அதன்மேல் மண், கடைசியாக அந்த மண்ணில் பதித்த சுட்ட ஓடு. சியோலின் தெற்கு வாசலான சுங்னேமுனுக்கு 2008 பிப்ரவரி 10 இரவு ஒருவர் தீ வைத்தபோது இந்த அடுக்குகளின் தடிமன் எல்லோருக்கும் தெரியவந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், அது ஓட்டின்மேல் பட்டு வழிந்து போனது. நெருப்போ ஓட்டுக்கும் மண்ணுக்கும் அடியில் இருந்த மரநிரப்பில் கனன்றுகொண்டிருந்தது. மழையை உள்ளே விடாமல் இருக்கத்தானே அந்தக் கூரையைக் கட்டியிருக்கிறார்கள்! மேல்தளம் பெரும்பகுதி சரிந்து விழுந்தது, கீழ்த்தளம் பெரும்பாலும் தப்பியது. திருப்பணி முடிந்து 2013 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள்.

அதே சமயம், இந்தக் கனம் வெறும் தொல்லை கிடையாது. இந்தக் கட்டடங்களில் தூணை மண்ணில் புதைப்பதில்லை, கல்லின்மேல் சும்மா நிறுத்திவிடுகிறார்கள். கல் கரடுமுரடாக இருந்தால் கல்லைச் செதுக்குவதற்குப் பதிலாகத் தூணின் அடியை அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்பக் குடைந்து, இரண்டும் பல்லும் பல்லும் பொருந்துவதுபோல் உட்காரவைக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொரியத் தச்சர்களின் கைவேலைகளில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். அந்தத் தூணை அசையாமல் பிடித்துவைப்பது மேலிருந்து அழுத்தும் கூரையின் எடை. துளையும் நாக்குமாகக் கோத்த மரப் பொருத்துகளை இறுக்கிவைப்பதும் அதே எடைதான்.

## போதிகை என்ன செய்கிறது?

இப்போது அந்த அடுக்குக்கு வருவோம். பெரிய தாம்பாளம் ஒன்றை ஒரே கையில் ஏந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை மடக்கி முஷ்டியின்மேல் வைத்தால் தாம்பாளம் ஆடும், ஓரம் சாயும். உள்ளங்கையை விரித்து, ஐந்து விரலையும் பரப்பி ஏந்தினால் நிற்கும். எடை குறையவில்லை, தாங்கும் இடம் மட்டும் அகலமாகிவிட்டது. விரல்கள் வாங்கிய எடை உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து முழங்கை வழியாக இறங்கிவிடுகிறது.

தூணின் தலையில் இருக்கும் மர அடுக்கு செய்வதும் இதைத்தான். முதலில் தூணின் உச்சியில் ஒரு கனமான சதுரக் கட்டை. அதில் சிலுவை வடிவில் வெட்டிய பள்ளத்தில் இரண்டு மரக் கைகள் குறுக்கும் நெடுக்குமாக உட்காரும்: ஒன்று சுவரோடு இணையாக, இன்னொன்று சுவருக்குக் குறுக்கே உள்ளும் வெளியுமாக. அந்தக் கைகளின் நுனியில் சிறு கட்டைகள், அவற்றின்மேல் இன்னும் நீளமான கைகள், மறுபடி கட்டைகள். மேலே போகப்போக அகலம் கூடிக்கொண்டே போகும். இந்த முழுத் தொகுப்புக்குக் கொரிய மொழியில் கோங்போ என்று பெயர். நம் கோயில் தூண்களின் தலையில் இருக்கும் உறுப்பின் பெயரையே வைத்து, இங்கே இதைப் போதிகை என்று சொல்கிறேன்.

இதன் முக்கியமான வேலை வெளிப்பக்கம் நடக்கிறது. கைமரம் ஒரு நெம்புகோல். உள்பாதி கட்டடத்துக்குள்ளும் வெளிப்பாதி இறவாரமாகவும் இருக்கிறது. நடுவில் அது தங்கியிருக்கும் இடம் சுவரின் நேர்மேலே மட்டும் என்றால், இறவாரம் நீள நீள நுனி தொங்க ஆரம்பிக்கும். போதிகையின் வெளிக்கை சுவரைத் தாண்டி நீண்டு, தன் நுனியில் ஒரு உருண்டையான கிடைமரத்தைத் தாங்குகிறது. கைமரம் இப்போது அந்தக் கிடைமரத்தின்மேல் தங்குகிறது. அதாவது நெம்புகோலின் தாங்குபுள்ளி வெளியே நகர்ந்துவிட்டது, தொங்கும் நீளம் குறைந்துவிட்டது. போதிகையில் எத்தனை படி வெளியே போகிறார்களோ அந்த அளவுக்கு இறவாரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மழைக்காக நீண்ட இறவாரம், இறுக்கத்துக்காகக் கனமான கூரை, அந்தக் கனத்தை வாங்கித் தூணுக்கு அனுப்பவும் தாங்குபுள்ளியை வெளியே தள்ளவும் போதிகை. அந்தப் போதிகையை எங்கெங்கே வைப்பது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

## ஜுசிம்போ: தூணுக்கு மேல் மட்டும்

ஜுசிம்போ பாணியில் தூண் இருக்கும் இடத்தில் மட்டும் போதிகை இருக்கும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் பெரும்பாலும் வெறும் மண்சுவர்தான். எடை முழுவதும் போதிகை வழியாக நேராகத் தூணில் இறங்குகிறது. நின்று பார்த்தாலே கட்டடம் எப்படி நிற்கிறது என்று புரிந்துவிடும், மறைக்க எதுவும் இல்லை.

இன்று நிற்கும் கொரியாவின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகை. 918 முதல் 1392 வரை ஆண்ட கொரியோ அரச காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. யெசான் பகுதியில் உள்ள சுதொக்சா கோயிலின் முதன்மை மண்டபம் 1308இல் கட்டியது என்று உறுதியாகத் தெரியும், 1937 பழுதுபார்ப்பின்போது மரத்தில் மையால் எழுதிய குறிப்பு கிடைத்தது. படிக்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது என்பேன். காரணம் அதன் பக்கவாட்டுச் சுவர். கூரை இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, பக்கவாட்டில் முக்கோணமாகத் திறந்திருக்கும் எளிய வகை. அதனால் தூண், உத்தரம், மாட்டு வால்போல் வளைந்த இணைப்பு மரங்கள் எல்லாம் மஞ்சள் மண்சுவரில் கோடு போட்டுக் காட்டியதுபோல் வெளியே தெரியும்.

இன்னொன்று யொங்ஜு ஊரில் உள்ள புசொக்சா கோயிலின் முரியாங்சுஜொன் மண்டபம். கோயிலை உயிசாங் என்ற துறவி 676இல் நிறுவினார். இப்போதுள்ள மண்டபம் 1376இல் திரும்பக் கட்டியதாகக் குறிப்பு இருக்கிறது. அதன் தூண்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இல்லை, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் லேசாக உப்பி மேலே போகப்போக ஒடுங்குகின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம், அதோடு உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்தும் நிற்கும். எல்லாத் தூணையும் ஒரே உயரத்தில் நேராக நிறுத்தினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஓரங்கள் தாழ்ந்து, வெளியே விரிந்து தெரியும். அந்தக் கண்மயக்கைச் சரிசெய்யத்தான் இந்தத் திருத்தம். மூலையில்தான் கூரையின் எடை அதிகம் என்பதால் உள்நோக்கிய சாய்வு கட்டடத்தை இறுக்கவும் உதவுகிறது.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஜுசிம்போ மண்டபங்களில் பெரும்பாலும் உட்கூரை இருக்காது, முகடுவரை மரம் அப்படியே தெரியும். எல்லாம் கண்ணில் படும் என்பதால் ஒவ்வொரு உத்தரத்தையும் இழைத்து வடிவம் கொடுத்திருப்பார்கள்.

## தாபோ: தூண்களுக்கு நடுவிலும்

தாபோ பாணியில் தூணின் தலையில் மட்டுமல்லாமல் இரண்டு தூண்களுக்கு இடையிலும் போதிகைகள் வரிசையாக வரும். சரித்திரத் தொடர்களில் சிம்மாசன மண்டபத்தின் கூரைக்கடியில் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாகத் தெரிகிறதே, அது இதுதான்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். நடுவில் தூணே இல்லையே, அந்தப் போதிகை எதன்மேல் உட்காரும்? இதற்குக் கிடைத்த விடைதான் தாபோவைத் தாபோவாக்குகிறது. எல்லாப் பாணியிலும் தூண்களின் தலைகளை இணைக்க ஒரு மரம் ஓடும், அதற்குப் பெயர் சாங்பாங். அது உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால் அதன்மேல் கட்டையை வைத்தால் நிலைக்காது. அதனால் தாபோவில் சாங்பாங்கின் மேல் அகலமான தடித்த மரம் ஒன்றைப் படுக்கவைக்கிறார்கள். இது பியோங்பாங். போதிகைகள் இதன்மேல் வரிசையாக உட்காரும். நடுவில் இருக்கும் போதிகைகள் வாங்கும் எடை இந்த இரட்டை மரத்தில் பரவி, பக்கத்துத் தூண்களுக்குப் போய்ச் சேரும்.

எனவே தூரத்திலிருந்து போதிகையை எண்ண முடியாவிட்டால் கட்டடத்தின் மூலையைப் பாருங்கள். தூணின் தலைக்கருகே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரமுனைகளில் கீழே குறுகலானது ஒன்றும் அதன்மேல் அகலமானது ஒன்றும் தெரிந்தால் அநேகமாக அது தாபோ.

எடை பல இடங்களில் பிரிந்து இறங்குவதால் போதிகைகளை உள்ளேயும் வெளியேயும் கூடுதல் படிகளாக நீட்டலாம், பெரிய கூரையைப் போடலாம், இரண்டு அடுக்காகவும் கட்டலாம். நான்கு பக்கமும் சரிந்து பக்கவாட்டில் மட்டும் சிறு முக்கோணம் தெரியும் கம்பீரமான கூரை பெரும்பாலும் தாபோவோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மரமும் கூலியும் எக்கச்சக்கமாக ஆகும் என்பது இதன் மறுபக்கம். உள்ளே சதுரக் கட்டங்களால் ஆன உட்கூரை போட்டு மேல்பகுதியை மறைத்துவிடுவார்கள், அதனால் மேலே இருக்கும் மரங்களை அவ்வளவாக இழைக்கத் தேவையில்லை.

கொரியோ காலத்தின் முடிவில், சீனாவை மங்கோலிய யுவான் வம்சம் ஆண்டபோது இருந்த தொடர்பின் வழியாக இந்தப் பாணி வந்தது என்பதே பொதுவான கருத்து. 1392இல் தொடங்கிய ஜோசொன் அரசு இதைத் தன் முகமாகவே ஆக்கிக்கொண்டது. 1398இல் முடிந்த சுங்னேமுன் வாசல் தாபோதான். கியொங்பொக்குங் அரண்மனையின் சிம்மாசன மண்டபமான குன்ஜொங்ஜொன்னும் அப்படித்தான். முதலில் 1395இல் கட்டியது, 1592 ஜப்பானியப் படையெடுப்பின்போது அரண்மனையோடு எரிந்து, 1867இல் திரும்ப எழுந்தது இப்போது நாம் பார்ப்பது.

இங்கே ஒரு கோயிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வான்ஜு பகுதியில் ஹ்வாஆம்சா என்று ஒரு சிறிய மலைக்கோயில், அதன் குங்நாக்ஜொன் மண்டபத்தை 1605இல் திரும்பக் கட்டினார்கள். அதன் போதிகைகளில் ஒரு நீண்ட மரம் சாய்வாக உள்ளிருந்து வெளியே பாய்கிறது. அதன் உள்முனையைக் கூரையின் எடை அழுத்துகிறது, வெளிமுனை இறவாரத்தைத் தூக்கிப்பிடிக்கிறது. சற்றுமுன் சொன்ன நெம்புகோல் விஷயத்தைப் போதிகைக்குள்ளேயே புகுத்தியதுபோல. சீனாவிலும் ஜப்பானிலும் இப்படிப்பட்ட சாய்மரம் ஏராளம், கொரியாவில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். எல்லாம் சீனாவிலிருந்து எடுத்தது என்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: போதிகை என்ற எண்ணம் கிழக்காசியா முழுவதற்கும் பொது, அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு நாட்டுத் தச்சர்களும் தாங்களாகவே தீர்மானித்தார்கள்.

ஆக, தூண்மேல் மட்டும் போதிகை என்றால் ஜுசிம்போ. தூண்களுக்கு இடையிலும் இருந்து, அவற்றைத் தாங்க அகலமான பியோங்பாங்கும் இருந்தால் தாபோ.

## இக்கோங்: எளிமையாக்கிய பாணி

மூன்றாவது பாணியை நான் கொஞ்சம் கூடுதலாக நேசிக்கிறேன், அதைப் பற்றித்தான் எல்லோரும் குறைவாகப் பேசுகிறார்கள்.

இக்கோங் ஜோசொன் காலத்தின் முற்பகுதியில் கொரியாவிலேயே உருவானது. கட்டை, கை, மறுபடி கட்டை என்று அடுக்குவதை விட்டுவிட்டு, பறவையின் சிறகுபோல் நுனி செதுக்கிய ஒரு பலகையைத் தூணின் தலையிலேயே கோத்துவிடுகிறார்கள். அது சாங்பாங்கைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, மேலே வரும் உத்தரத்தைத் தாங்கும். ஒரு பலகை வைக்கலாம், அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைக்கலாம். பெரும்பாலும் வெளியே கூடுதல் கிடைமரம் இருக்காது, எனவே தாபோ அளவுக்கு இறவாரம் நீளாது. ஆனால் மரம் குறைவு, வேலை குறைவு, பொருத்துகள் உறுதி.

காங்னுங் ஊரில் உள்ள ஓஜுக்கொன் வீடு இந்தப் பாணியின் ஆரம்ப வடிவத்தைக் காட்டுகிறது. ஓவியர் ஷின் சாயிம்தாங் வாழ்ந்த வீடு அது, அவருடைய மகனும் அறிஞருமான யி இ அங்கேதான் 1536இல் பிறந்தார். கன்பூசியப் பள்ளிகள், நினைவாலயங்கள், காற்றோட்டமான மண்டபங்கள், அரண்மனையின் துணைக் கட்டடங்கள் என்று இக்கோங் பரவலாகப் பயன்பட்டது. கியொங்பொக்குங் குளத்தில் 48 கல்தூண்கள்மேல் நிற்கும் விருந்து மண்டபமான கியொங்ஹேருகூட இந்த வகைதான்.

## போதிகையே இல்லாத வீடுகள்

ஹனோக் என்ற கொரிய மரபு வீடுகளில் சாதாரணமானவற்றில் இந்த மூன்றும் கிடையாது. தூணின் தலையில் உத்தரமும் கிடைமரமும் நேராகக் கோக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். காசு மட்டும் காரணமல்ல, சட்டமும் காரணம். 1431இல் அரசர் சேஜோங் காலத்தில் யார் எவ்வளவு பெரிய வீடு கட்டலாம் என்று வரையறுத்தார்கள். நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு சதுர இடத்தைக் கான் என்று எண்ணுவது வழக்கம். குடிமக்களுக்கு 10 கான்வரைதான் அனுமதி. செதுக்கிய கற்கள், அலங்காரப் போதிகை, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கும் தடை இருந்தது. அதனால் ஒரு பழைய வீட்டில் போதிகை இல்லையே என்று பார்த்துத் தச்சருக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

## தவறாகப் புரிந்துகொள்ளும் சில விஷயங்கள்

போதிகை கூடினால் மதிப்பும் கூடும் என்பது ஓரளவுக்கு உண்மைதான், சிம்மாசன மண்டபங்கள் தாபோவாக இருப்பது தற்செயல் கிடையாது. ஆனால் ஜோசொன் அரசர்களின் முன்னோர் வழிபாட்டிடமான ஜொங்மியோவைப் பாருங்கள். அரசுக்கு அதைவிடப் புனிதமான இடம் வேறில்லை. அதன் முதன்மை மண்டபம் 1592இல் எரிந்தபின் 1608இல் திரும்பக் கட்டப்பட்டு, பிறகு நீட்டப்பட்டு இன்று 101 மீட்டர் நீளம் நிற்கிறது, 19 அறைகள். பாணி இக்கோங்! வண்ணமும் அடக்கம், செதுக்கலும் அடக்கம். இறந்த அரசர்களுக்கு முன்னால் ஆடம்பரம் கூடாது என்ற கன்பூசிய எண்ணம் அங்கே மரத்தில் இருக்கிறது. எனவே போதிகையை எண்ணி மதிப்பைக் கணக்கிட வேண்டாம், கட்டடம் எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, மூன்றும் ஒன்று போய் ஒன்று வந்தது என்று வரிசையாக நினைத்துக்கொள்வது. தாபோ வந்தவுடன் ஜுசிம்போ மறைந்துவிடவில்லை, இக்கோங் வந்தபின் தாபோவும் நிற்கவில்லை. இரண்டு பாணிகளின் கூறுகள் கலந்த கட்டடங்களும் உண்டு. ஜுசிம்போ, தாபோ என்று பிரித்ததே 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள்தான் என்பதால், 14ஆம் நூற்றாண்டுத் தச்சர் அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் போனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஆணி. கட்டடத்தின் எலும்புக்கூடு, அதாவது தூண், உத்தரம், போதிகை எல்லாம் துளையும் நாக்குமாகக் கோத்து நிற்பவை, அங்கே ஆணிக்கு வேலையில்லை. கைமரங்களின் கதை வேறு. சரிவில் படுத்திருக்கும் மரம் வழுக்கிவிடாமல் இருக்க இரும்பாணி அடித்தார்கள், பழைய கட்டடங்களைப் பிரிக்கும்போது கொல்லர் அடித்த அந்த ஆணிகள் கிடைக்கின்றன. இந்தக் கட்டடங்களை மதிப்பதற்கு ஆணி இல்லை என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிரித்து, அழுகிய மரத்தை மட்டும் மாற்றி, மறுபடி கோக்க முடிவதுதான் இவற்றின் பெரிய பலம், எழுநூறு வருடம் தாண்டி நிற்பதற்கும் அதுவே காரணம்.

## ஒரே இடத்தில் ஜுசிம்போவையும் தாபோவையும் பார்க்க

கொரியாவுக்குப் போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் ஆந்தோங் அருகே உள்ள பொங்ஜொங்சா கோயில். அதன் குங்நாக்ஜொன் மண்டபம்தான் கொரியாவில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடம் என்று கருதப்படுகிறது. 1972இல் பழுதுபார்க்கப் பிரித்தபோது, 1363இல் கூரையைச் சீர்செய்தோம் என்று சொல்லும் பழைய எழுத்து கிடைத்தது. புதுக் கட்டடத்தின் கூரைக்கு அப்படிப்பட்ட பெரிய வேலை நூறு நூற்றைம்பது வருடம் கழித்துத்தான் வரும் என்பதால், கட்டியது 12 அல்லது 13ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

அதே கோயிலில், சில அடி நடந்தால் ஜோசொன் தொடக்ககாலத்துத் தேஉங்ஜொன் மண்டபம். முன்னது ஜுசிம்போ, பின்னது தாபோ. முதலில் குங்நாக்ஜொன் முன்னால் நின்று தூண்களுக்கு இடையில் எவ்வளவு சுவர் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டுக்குப் போய் முக்கோணச் சுவரில் மரங்கள் எப்படி ஏறுகின்றன என்று பாருங்கள். அடுத்துத் தேஉங்ஜொன்னுக்கு வந்து, தூண்களுக்கு இடையில் உட்கார்ந்திருக்கும் போதிகைகளையும், அவற்றுக்கு அடியில் படுத்திருக்கும் பியோங்பாங்கையும் தேடுங்கள். வண்ணம் மங்கியிருந்தாலும் மூலையில் அந்த அகலமான மரமுனை கட்டாயம் கண்ணில் படும்.